ஐந்து பலகைக்குக் கலந்த கருப்பு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரில் எழுதச் சொன்னால் முழ உயரத்துக்கு நூல் பிடித்த மாதிரி எழுதுவேன், ஆனால் அது யாரோ தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதுவது. சொந்தமாக எழுத உட்கார்ந்தால் பேனா கோணிக்கொள்கிறது. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். அதற்கு மேல் ஏன் படிக்கவில்லை என்பதும் இதில் வரும். அதைப் படித்த பிறகு, மன்னிப்பு முழுவதையும் நான் ஒருவனே கேட்க வேண்டியதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

இந்த நோட்டு என்னுடைய கலவை நோட்டு. எந்த வீட்டுக்கு எந்த நிறத்தை எப்படிக் கலந்தேன் என்று குறித்து வைப்பது. முன்பக்கமெல்லாம் அந்தக் குறிப்புகள். பின்பக்கம் காலியாக இருந்ததால் இதை எழுதுகிறேன். அங்கங்கே விரல் தடம் இருக்கும். அது அழுக்கு இல்லை, புகைக்கரி.

இருபத்தாறு வருடமாகப் பெயிண்ட் அடிக்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி, சில சமயம் பாலக்கோடு வரைக்கும். கூட ஆள் வைத்துக்கொள்வதில்லை. ஆள் வைத்தால் பேச வேண்டும். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. இந்தத் தொழிலில் ஒரு வசதி, நாள் முழுவதும் சுவரைப் பார்த்து நிற்கலாம். பின்னால் நிற்பவர்கள் பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டு அடிப்பேன். அப்படிக் கேட்டதில் எனக்குத் தெரிந்தது ஒன்று: மனிதர்களுக்குக் கண் இருக்கிறது என்று சொல்வது பாதிப் பொய்.

கருப்பு என்றால் கருப்பு என்று நினைக்கிறார்கள். கடையில் போய் 'ஒரு டின் கருப்பு' என்று கேட்கிறார்கள். கடைக்காரனும் எடுத்துக் கொடுக்கிறான், அவனுக்கும் தெரியாது. புகைக்கரியில் செய்த கருப்புக்குள் நீலம் ஒளிந்திருக்கும். வெள்ளையில் ஒரு சொட்டு விட்டால் போதும், வெளியே வந்துவிடும். எலும்புக் கரியில் செய்தது பழுப்பு காட்டும். இரும்புக் கருப்பு வெயிலுக்குத் தாங்கும், ஆனால் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருக்கும். கரியே இல்லாமல், நல்ல நீலத்தையும் சுட்ட பழுப்பையும் சேர்த்துக் கலந்தால் வருகிற கருப்பு இவை எல்லாவற்றையும் விட ஆழம். பார்த்தால் கிணற்றுக்குள் பார்த்த மாதிரி இருக்கும். இதை யாரிடமாவது சொன்னால், "ரெண்டு கலரக் கலந்து எப்படிப்பா கருப்பு வரும்" என்று கேட்டுவிட்டுத் தலையில் சாயம் அடிக்கப் போவார்கள். அந்தச் சாயம் ஒரு வாரத்தில் வெயிலில் கத்தரிப்பூ நிறம் காட்டும். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏணி மேலிருந்து பார்த்தால் ஊரில் யார் தலை எல்லாம் கத்தரிப்பூ என்று எண்ணிவிடலாம்.

சாம்பல் அதை விட மோசம். மூன்று வருடம் முன்பு வரை பச்சையும் ஆரஞ்சுமாக அடித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது ஒரே குடும்பத்தில் சாவு விழுந்த மாதிரி எல்லோரும் சாம்பல் கேட்கிறார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள், பனி பெய்கிற ஏதோ தேசத்து வீடு. கடையில் மெஷின் வைத்துக் கலந்து வாங்கி வருவார்கள். அடித்துக் காய்ந்த பிறகு வெளியே நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, நீலமா இருக்குதே" என்பார்கள். இருக்கத்தான் செய்யும். வாசலில் இருந்து மலையடி வரைக்கும் செம்மண். செம்மண்ணுக்குப் பக்கத்தில் வெறும் சாம்பலை வைத்தால் அது நீலமாகத்தான் தெரியும். அடுத்த வாளியில் ஒரு கரண்டி காவிப்பொடியும் அரைக் கரண்டி மஞ்சக்காவியும் போட்டுக் கலந்து அடிப்பேன். "இப்பத்தான் சரியான கிரே" என்பார்கள். உள்ளே சிவப்பு இருக்கிறது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதனால் சொல்வதில்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

இனி பலகை விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் கோடை விடுமுறையில், நான் படித்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் படித்தபோது ஐந்தாவது வரைக்கும்தான், இப்போது எட்டாவது வரைக்கும் இருக்கிறது. போனேன். அவர் அறையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், பள்ளியின் பழைய மாணவர். மீசை கத்தரிப்பூ. ஐந்து வகுப்பறைகளின் கரும்பலகைக்கும் பெயிண்ட் தன் உபயம் என்று சொல்லி டின்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். டின்னைப் பார்த்தேன். கதவு, கம்பிக்கெல்லாம் அடிக்கிற எனாமல். கண்ணாடி போன்ற பளபளப்பு என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது.

கரும்பலகைக்கு அடிக்கிற கருப்பு வேறு. அது செத்த கருப்பாக இருக்க வேண்டும். வெளிச்சம் விழுந்தால் அங்கேயே அமுங்கிவிட வேண்டும், திரும்பி வரக்கூடாது. பளபளப்புக் கருப்பு என்பது கருப்பே இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி. இவ்வளவும் மனதில் ஓடியது. வாயில் வந்தது இவ்வளவுதான்:

"சார், இது கதவு ஜன்னலுக்கு அடிக்கறதுங்க."

மண்டிக்காரர்தான் பதில் சொன்னார். "கதவுக்கு அடிச்சா கருப்பாத் தெரியும், பலகைக்கு அடிச்சா வெள்ளையாத் தெரியுமாப்பா?"

தலைமையாசிரியர் சிரித்தார். ஆமாங்க, வெள்ளையாகத்தான் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பதில் தயாராக இருந்தது. தொண்டைக்குக் கீழே நின்றுகொண்டது.

"பலகை மினுமினுன்னு இருக்கணும்" என்றார் மண்டிக்காரர். "மண்டியில கிரேட்டுத் தக்காளியக் கூட மேல் வரிசையத் தொடச்சுத்தான் அடுக்கறோம். பாக்கறவன் கண்ணுல அடிக்கணும்பா."

"சரிங்க" என்றேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள்.

அந்த அறை இப்போதும் இருக்கிறது, ஓட்டுக் கூரையை எடுத்துத் தளம் போட்டுவிட்டார்கள். பலகை இருந்த இடமும் ஜன்னலும் கதவும் மாறவில்லை. உட்கார்ந்து பலகையைப் பார்த்தால் வலது கைப்பக்கம் கிழக்கு ஜன்னல், இடது கைப்பக்கம் கதவு. எங்கள் தெருப் பிள்ளைகள் கதவோரம் உட்கார்ந்தோம். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. வாத்தியார் முதல் நாள் கையைக் காட்டினார். ஐந்து வருடம் அந்தக் கை காட்டின இடத்திலேயே இருந்தோம்.

பலகை என்பது சிமெண்ட் பூசின சுவர். வெள்ளிக்கிழமை மதியம் கோவை இலையும் அடுப்புக்கரியும் கொண்டுவரச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துக் கசக்கி, பிள்ளைகளே பலகையில் தேய்க்க வேண்டும். எத்தனையோ வருடம், எத்தனையோ கை தேய்த்துத் தேய்த்து, அந்தச் சுவர் அம்மிக்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது. கருப்பு ஏற ஏற மினுக்கும் ஏறியது. காலையில் கிழக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தால், கதவோரம் இருக்கிற எங்களுக்குப் பலகையில் தெரிவது ஜன்னல். ஏழு கம்பி. அதற்குப் பின்னால் எங்கேயோ எழுத்தும் கணக்கும் இருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அவை தெரிந்தன, அவர்கள் சத்தமாகப் படித்தார்கள். நாங்கள் காதால் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னோம். எல்லோரும் சேர்ந்து சொல்லும் வரைக்கும் பிரச்சினை இல்லை.

ஒருநாள் வாத்தியார் என்னை மட்டும் எழுப்பிப் படிக்கச் சொன்னார். நின்றேன். பலகையில் என்னடா இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஜன்னல் இருக்குதுங்க சார்."

அறை முழுவதும் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார், சிரித்துவிட்டு அடித்தார். ஒரு அடி எடுத்து நான் நின்ற இடத்துக்கு வந்து பார்த்திருந்தால் அவருக்கும் ஜன்னல் தெரிந்திருக்கும். வரவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஜன்னல். அதிகம் கூப்பிட்டது இந்த மண்டிக்காரர்தான். ஐந்தாவது முடிந்ததும் வாத்தியார் என் அப்பாவைக் கூப்பிட்டு, இவன் மண்டையில் ஏறாது, எங்கேயாவது வேலைக்கு அனுப்பு என்றார். சுண்ணாம்பு அடிக்கப் போனேன்.

இருபத்தெட்டாவது வயதில் ஒரு வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பளபளப்புக் கருப்பு அடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் அதில் என் முகம், பின்னால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி, எல்லாம் தெரிந்தது. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மக்காக இருந்தது நான் இல்லை, பலகை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? கேட்டுக்கு இரண்டாவது கோட்டிங் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இவ்வளவும் தெரிந்த அதே ஆள்தான் இந்தக் கோடையில் 'சரிங்க' என்று சொன்னது. மற்றவர்களை இவ்வளவு பேசுகிறேனே, ஐந்து பலகைக்கும் அந்தக் கண்ணாடியை இரண்டு கோட்டிங் அடித்தது என் கைதான். நன்றாக வேறு அடித்தேன். ஒரு பிரஷ் கோடு தெரியாது. மோசமாக அடிக்கவாவது தைரியம் இருந்திருக்கலாம்.

பலகையின் மேல் மூலையில் 'உபயம்' என்று போட்டு, கீழே அவர் பெயர், அதற்குக் கீழே மண்டியின் பெயர் எழுதச் சொன்னார்கள். கோயில் டியூப் லைட்டில் எழுதுவார்களே, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அந்த மாதிரி. ஏழாம் வகுப்பு நடக்கும் பெரிய அறையில் மட்டும் சாண் உயரத்துக்கு மஞ்சளில் எழுத வேண்டும் என்றார். அதுதான் எங்கள் பழைய அறை. எழுதினேன். பாக்கி இருந்த இடத்தில் வேண்டுமானால் பாடம் எழுதிக்கொள்ளலாம்.

பள்ளி திறந்த அன்று மதியத்துக்கு மேல் விழா வைத்தார்கள். பலகையின் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டினார்கள். மதியத்துக்கு மேல் அந்த ஜன்னலில் வெளிச்சம் கிடையாது. பலகை நன்றாகத்தான் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

என் மனைவி அந்தப் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். அங்கே நடப்பதெல்லாம் சாயங்காலம் எனக்குச் சோற்றோடு வந்துவிடும். பள்ளி திறந்து மூன்று வாரம் இருக்கும். ஏழாவதில் கதவோரம் உட்காருகிற பெண் பிள்ளைகளுக்கு இந்த வருடம் படிப்பே வரவில்லையாம் என்றாள். இப்போது பையன்களுக்கு ஜன்னலோரம், பெண்களுக்குக் கதவோரம். பெண்கள் பாதியில் எழுந்து எழுந்து நிற்கிறார்களாம், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறார்களாம். டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டி உட்கார வைக்கிறாராம். இரண்டாவது பெஞ்சில் இருக்கும் ஒரு பெண், சித்தேரி மலையிலிருந்து வந்து இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிப்பவள், போன வருடம் கணக்கில் முதல். அவள் இப்போது தினமும் வெளியே நிறுத்தப்படுகிறாள். மலைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அத்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போன வருடம் முதலாக வந்தவளுக்கு இந்த வருடம் எப்படி மூளை கரைந்தது என்று யாருக்காவது சந்தேகம் வர வேண்டுமே. படித்தவர்கள்.

"அந்தப் புள்ளயக் கூப்பிட்டு, போர்டுல அப்படி என்னதான்டி தெரியுது உனக்குன்னு கேட்டேன்" என்றாள் என் மனைவி. "ஜன்னல் தெரியுதுக்கான்னு சொல்லுது."

தட்டைக் கீழே வைத்தேன். எனக்குப் பள்ளியில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, நாளைக்கே போய் பெரிய சாரிடம் சொல்லுங்கள் என்றாள்.

போனேன். வாசலில் நின்றேன். தலைமையாசிரியர் நிமிர்ந்து, என்னப்பா என்றார். அறையில் வேறு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். பலகையைப் பற்றிச் சொல்ல வந்தேன். வாய், காலி டின் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. இரண்டு டின் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"டின் வாங்கிட்டு வந்தேன்."

அவள் டின்னைக் கையில் வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ள இருக்குதா உங்க நாக்கு?" என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

அந்தப் பெண் இன்னும் இரண்டு வாரம் வெளியே நின்றாள். அவள் அத்தை, ஆடிக்கு மலைக்குப் போகும்போது பையையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். நான் மெணசிக்குப் போகிற வழியில் ஒரு வீட்டுக்குச் சாம்பல் அடித்துக்கொண்டிருந்தேன். சாம்பலைக் கலக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வந்தது. கலவை இரண்டு தடவை கெட்டது. இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவசரமாக வரச் சொல்லிப் பள்ளியிலிருந்து போன். பாதி வேலையில் ஏணியை விட்டு இறங்கிப் போனேன்.

நடந்தது இது. மண்டிக்காரர் அன்று காலையில் காரை நிறுத்தி, பெரிய அறைக் கதவருகில் நின்றபடியே போனில் பலகையைப் படம் எடுத்திருக்கிறார். பழைய மாணவர்கள் குழுவில் போட்டிருக்கிறார். எவனோ ஒருவன், ஜன்னல் நன்றாக இருக்கிறது, உன் பெயர் எங்கே என்று கேட்டு எழுதியிருக்கிறான். அதற்கு ஏழெட்டு பேர் சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஐந்து வாரமாக ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் தெரியவில்லை, ஒரு ஈ கூட அசையவில்லை. ஒருத்தருக்குப் பெயர் தெரியவில்லை என்றதும் ஒரு மணி நேரத்தில் பெயிண்டர் வந்தாக வேண்டும்.

பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே அவரும் தலைமையாசிரியரும். அவர் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். படத்தில் பலகை முழுக்க வெள்ளை. ஏழு கம்பியும் இருந்தது.

"என்னப்பா அடிச்சிருக்க? எம் பேரக் காணோம்."

பெயரை இன்னும் பெரிதாக எழுதிவிட்டால் என்ன என்று தலைமையாசிரியர் கேட்டார். மண்டிக்காரர் யோசித்துவிட்டு, "அந்த ஜன்னலச் செங்கல் வெச்சு அடைச்சுட்டா என்ன சார்?" என்றார். தலைமையாசிரியர் அதையும் யோசித்தார். கண்ணால் பார்த்தேன், நிஜமாகவே யோசித்தார்.

வராந்தாவில் அந்தப் பெண் மற்றவர்களோடு உட்காராமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். நிற்பது பழக்கமாகிவிட்டது போல. அவளைப் பார்த்ததாலா, இல்லை செங்கல் என்று கேட்டதாலா தெரியவில்லை, நான் பேசிவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

"டின்னுல இருக்கறது கருப்பு இல்லீங்க, கண்ணாடிங்க. இந்தக் கதவோரம் உக்காந்தா உங்க பேரு மட்டும் இல்ல, பாடமும் தெரியாதுங்க. அந்தப் புள்ளைங்களுக்குப் படிப்பு வராம இல்லீங்க. ஜன்னல் தெரியுதுங்க."

மண்டிக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இரு, இரு. நீ ஜன்னலு இல்ல?"

தலையை ஆட்டினேன்.

"சார், இவன் எங்கூடப் படிச்சவன் சார். போர்டுல என்னடா இருக்குதுன்னா ஜன்னல் இருக்குதும்பான். வாத்தியார் வெளுத்துட்டாரு." வயிறு குலுங்கச் சிரித்தார். கையில் போன், போனில் ஜன்னல். தலைமையாசிரியரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். சிரித்து முடித்து மண்டிக்காரர் மறுபடி போனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நின்ற இடத்தைப் பார்த்தார். புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். புரிந்தவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள்.

"சரி, என்ன பண்ணணுமோ பண்ணு. எம் பேரு தெரியணும்" என்றார்.

அவர் கார் ஏறிய பிறகு தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார். "இந்த ஒரு ரூம் மட்டும் போதும்பா. மத்த ரூம்ல யாரு போட்டோ எடுக்கப் போறா."

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். முதலில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பளபளப்பைத் தேய்த்து எடுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. நானே அடித்தது, நானே தேய்க்கிறேன், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கலவை. புகைக்கரி மட்டும் போட்டால் நீலம் காட்டும் என்று சொன்னேன் அல்லவா, அதற்குச் செங்கல்லை இடித்து, பழைய வேட்டியில் இரண்டு தடவை சலித்து அந்தத் தூளைச் சேர்த்தேன். அது கருப்பைச் சூடாக்கும், சாக்பீஸ் பிடிக்கச் சொரசொரப்பும் கொடுக்கும். ஜன்னலை அடைக்க இருந்த செங்கல் இப்படியாவது உதவட்டும். பிறகு சாக்பீஸ் மாவு. பிணைய வைக்கக் கொஞ்சம் வார்னிஷ், மிச்சம் டர்பன்டைன். வார்னிஷ் கூடினால் மறுபடி மினுக்கும். குறைந்தால் டஸ்டரோடு பலகையும் வந்துவிடும். பலகைத் துண்டில் அடித்துக் காயவைத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் கரி ஒட்டியது, இரண்டு சொட்டு வார்னிஷ். மறுபடி தேய்த்தேன், தேய்த்த இடம் லேசாக மின்னியது, ஒரு கைப்பிடி மாவு. ஆறாவது தடவையில் விரலிலும் ஒட்டவில்லை, இடமும் மின்னவில்லை. வந்தது கருப்பு இல்லை. முற்றிய சாம்பல். கரும்பலகைக்கு அதற்கு மேல் கருப்பு தேவையில்லை.

ஒரு அறைக்குக் கலக்கச் சொன்னார்கள். நான் ஐந்து அறைக்குக் கலந்தேன். கலவை தெரியாமல் கூடிவிட்டது, கொட்ட மனமில்லை என்று வாட்ச்மேனிடம் பொய் சொல்லிச் சாவி வாங்கினேன். இருபத்தாறு வருடமாக அளவு தவறாதவன், தெரியாமல் ஐந்து மடங்கு கலந்துவிட்டானாம். அவரும் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஐந்தும் முடிந்தது.

பெயரையும் எழுதினேன். மஞ்சளில் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சாம்பல் கலந்தேன், போனில் படம் எடுத்தால் தெரியும், பாடத்தைப் பார்க்கிற பிள்ளையின் கண்ணை இழுக்காது. அந்த ஒரு அறையில் மட்டும்தான் எழுதினேன். மற்ற நாலு பலகையிலும் உபயம் கிடையாது. இன்று வரை யாரும் கேட்கவில்லை. படம் எடுப்பவர்கள் அங்கே போவதில்லை.

பெயர் தெரிகிறது, ஆனால் பலகை சாயம் போன மாதிரி இருக்கிறது, மலிவுச் சரக்கை அடித்துவிட்டான் என்று மண்டிக்காரர் பிறகு சொன்னாராம். பெண் பிள்ளைகளுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது, கண்டிப்பாக இருந்ததன் பலன் என்று டீச்சர் சொல்கிறாராம். இரண்டையும் என் மனைவிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்பு சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலையைச் சொல்ல மறந்துவிட்டேன். வெளிச்சம் ஜன்னலுக்கு வருகிற நேரத்துக்குப் போய், சாக்பீஸ் எடுத்துப் பலகையில் மனதுக்கு வந்ததை எழுதினேன், பெரிதாக நாலு வரி, சின்னதாக நாலு வரி. பிறகு கதவோரம் இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது. வெளிச்சம் வந்தது. பலகையில் விழுந்தது, அமுங்கியது. எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஜன்னல் ஜன்னல் இருக்கிற இடத்தில் இருந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

"அண்ணா, எந்திரிங்க. இது என் எடம்."

மலைப் பெண். எழுந்துகொண்டேன். அவள் உட்கார்ந்து பையை வைத்தாள், பழக்கத்தில் பாதி எழுந்தாள், பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். நான் சோதனைக்கு எழுதினதை அன்றைய பாடம் என்று நினைத்துவிட்டாள். என் பிழையெல்லாம் அவள் நோட்டுக்குப் போய்விடுமே என்று ஓடிப்போய் டஸ்டரை எடுத்துத் துடைத்தேன். ஒரு தடவை துடைத்ததிலேயே சுத்தமாக அழிந்தது.

எழுதி முடித்தது ஆடி இருபத்து நான்கு, சனிக்கிழமை.